மேற்கு ஜன்னலில் குரு

மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துவருகிறான். ஆனால் முறையாகப் பார்க்கவில்லை. கண்ட இடத்தில் நின்று, அண்ணாந்து, வாயைப் பிளந்து, யாரிடமும் அனுமதி பெறாமல் பார்த்துவந்தான். வானத்துக்கு ஒரு கூரை போட்டு, அதற்கு ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஏசி மாட்டி, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டுப்பாட்டோடு பார்க்கவைத்த பெருமை நாமக்கல் சமவெளியில் இருக்கும் ஞானக்கோட்டை சர்வதேச உண்டு உறைவிடப் பள்ளிக்கே உரியது. வரலாறு இதைக் குறித்துவைக்கத் தவறினாலும் ராசிபுரம் சாலையில் நிற்கும் ஃப்ளெக்ஸ் தவறவில்லை.

பள்ளியின் தாளாளர் குமாரசாமி ஒரு கல்விச் சிந்தனையாளர். கோழிப்பண்ணையை விட்டுவிட்டுக் கல்விக்கு வந்தவர் என்று சிலர் சொல்வார்கள். அது அவதூறு. அவர் பண்ணையை விட்டு எங்கும் போகவில்லை. கல்வியைத்தான் பண்ணைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டினார். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே தத்துவம்.

"விடியறதுக்கு முன்னாடியும் லைட்டு, இருட்டுன பொறவும் லைட்டு. அப்பத்தான் கோழி முட்டை போடும். புள்ளைக மார்க்கு வாங்கறதும் அதே கணக்குத்தானுங்க" என்பது பெற்றோர் கூட்டங்களில் அவர் ஆற்றும் உரையின் சாரம். பெற்றோரில் பாதிப் பேர் பண்ணைக்காரர்கள் என்பதால் கைதட்டல் பலமாக இருக்கும். இந்தத் தத்துவத்தின்படி வளாகம் முழுக்க ஃப்ளட் லைட்டுகள் எரிந்தன. மாணவர்கள் நட்சத்திரங்களைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தார்கள். அந்தப் பாடத்திலிருந்து 'முக்கிய வினா' எதுவும் வராது என்பதால் அங்கேயும் அதிகம் பார்க்கவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாலைக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளி குதிரை வாங்கியது.

அட்மிஷன் நெருங்கும் காலம். எதிர்ப்பக்க ஃப்ளெக்ஸில் ஒரு பையன் குதிரைமேல் உட்கார்ந்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாளாளர் இயற்பியல் ஆசிரியர் பிரபாகரை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியாரே, குதிரைக்கு மேல ஒண்ணு வேணும்."

"எவ்வளவு மேலங்க ஐயா?"

"எட்டற வரைக்கும் போ."

பிரபாகர் யோசித்தார். இளம்பிள்ளையில் தறிச் சத்தத்துக்கு நடுவே இயற்பியல் படித்து முன்னுக்கு வந்தவர் அவர். எதையும் யோசித்துப் பேசுவது அவருக்கு வழக்கம். யோசிக்காமல் பேசுகிறவர்களே மேலே வருகிறார்கள் என்பதை இன்னும் கவனிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் டெலஸ்கோப்புன்னு ஒண்ணு இருக்குதுங்க ஐயா. புதுசாப் பழகறவங்களுக்குன்னே செஞ்சது. பேரைச் சொல்லிப் பொத்தானை அழுத்துனா அதுவே திரும்பிப் போயி அந்தக் கிரகத்தைக் காட்டும்."

"சாணி போடுமா?"

"போடாதுங்க."

"தீனி?"

"பேட்டரி போதுமுங்க."

"வாங்கு."

பேச்சு முடிந்ததும் பிரபாகர் போகாமல் நின்றார். அவர் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அவர் தேர்வாகியிருந்தார். கூடிய சீக்கிரம் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவார்கள். அசல் சான்றிதழ்களோடு போகவேண்டும். அவருடைய பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரையிலான அசல் அத்தனையும் தாளாளர் அறையின் இரும்பு பீரோவில் இருந்தன. ஆசிரியர்கள் நடு வருடத்தில் ஓடிப்போய்விடாமல் இருக்க, வேலையில் சேரும் அன்றே அவற்றை வாங்கிப் 'பத்திரப்படுத்துவது' அப்பள்ளியின் மரபு. பண்ணையில் இதற்கு வலை அடிப்பார்கள்.

"ஐயா, என்ற சர்ட்டிபிகேட்டுக..."

"எங்க போயிறப் போவுது? உன்ற மெஷின் வரட்டும். நெறையா சனத்தைக் கூட்டி ஒரு திறப்பு விழா வெப்போம். அது மட்டும் நல்லபடியா முடிஞ்சுதுன்னு வெய்யி, பீரோச் சாவியை உன்ற கையிலயே குடுக்கறேன்."

"முடியலைன்னாங்க?"

தாளாளர் சிரித்தார். அவருக்குப் பின்னால் பீரோ நின்றது. அது சிரிக்கவில்லை.

தொலைநோக்கி வந்து சேர்ந்தது. குட்டையான குழல், மூன்று கால், கையில் பிடிக்க ஒரு ரிமோட். ரிமோட்டின் சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் ஓடின. அது முதலில் கேட்ட கேள்வி, எந்த ஊர் என்பது. பட்டியலில் நாமக்கல் இல்லை.

"நம்மூரு இல்லீங்களா?" என்று தாளாளர் அதிர்ந்தார். "இந்தியாவே நம்ம முட்டையைத்தான் திங்குது. இந்த மெஷின்காரன் என்னத்தத் திங்கறான்?"

அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கையால் அழுத்தி நாமக்கல்லுக்கு உலக வரைபடத்தில் ஓர் இடம் வாங்கிக்கொடுத்தார் பிரபாகர். கூடவே வந்த பேட்டரிகள் கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டன. உடனே பள்ளிப் பேருந்திலிருந்து பேட்டரியைக் கழற்றி, வயர் இழுத்து, கிளிப் மாட்டினார்கள். கருவி சின்னதாக உறுமிவிட்டுத் தலையை நிமிர்த்தியது. அந்தப் பேருந்து அன்றைக்கு ஷெட்டிலேயே நின்றது. அறிவியலுக்காக எல்லோரும் ஏதாவது தியாகம் செய்யத்தான் வேண்டியிருக்கிறது.

கருவியை எங்கே வைப்பது? மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைத்தால் போதும் என்றார் பிரபாகர். பள்ளியின் ஆஸ்தான வாஸ்து ஆலோசகர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்கவேண்டும். பனி படாமல் கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். பார்வை மேற்காகத்தான் போகவேண்டும். மொட்டை மாடியிலேயே தென்மேற்கு மூலையில் ஓர் அறை எழும்பியது. 'வான் ஆய்வு மையம்' என்று பெயர்ப்பலகை. மேற்கே ஓர் அகல ஜன்னல். கிழக்கே கதவு; கதவைத் திறந்தால் வானத்துக்கும் நமக்கும் நடுவே ஆறு மாடி ஹாஸ்டல் பிளாக். மீதிச் சுவர்களில், வானத்தைத் தவறவிட்டவர்களுக்காக, வானத்தின் படங்கள் ஒட்டப்பட்டன.

பிறகு நாள் குறித்தார்கள். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் பிரபாகர் கண்ணில் அது பட்டது.

'தை அமாவாசைத் திருநாள் அன்று மாலை... பெற்றோர்கள் சந்திரனை நேருக்கு நேர் கண்டு மகிழ...'

அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். தாளாளரும் அவர் மனைவி மாரக்காளும் உட்கார்ந்து ஸ்வீட் பாக்ஸ் தேர்வு செய்துகொண்டிருந்தார்கள். மாரக்காள் பள்ளியின் தலைவர். தாளாளர் முடிவெடுப்பார், எதை எடுக்கவேண்டும் என்று அவர் சொல்வார்.

"ஐயா, அமாவாசை அன்னிக்கு நிலா இருக்காதுங்க."

"தை அமாவாசை வாத்தியாரே. நெறஞ்ச நாளு. பண்ணையில மொதக் குஞ்சு எறக்குனதும் அன்னிக்குத்தான், ஸ்கூலுக்கு மொதக் கல்லு வெச்சதும் அன்னிக்குத்தான்."

"நாளு நல்ல நாளுதானுங்க. ஆனா நிலா தெரியாதுங்களே."

"தெரியாதுன்னுதானே மெஷினு?" தாளாளர் நிதானமாக விளக்கினார். "பௌர்ணமி அன்னிக்கு நெலாவை என்ற பண்ணைக் கோழி கூடத்தான் பாக்குது. அதுக்கு எதுக்கு டெலஸ்கோப்பு? வெறுங்கண்ணுல தெரியாததைக் காட்டறதுக்குப் பேருதான் அறிவியலு."

இயற்பியலில் முதுகலை படித்த பிரபாகருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த நேரத்துல மேற்க வேற ஒண்ணு தெரியுமுங்க ஐயா. சனி கிரகம். சுத்தி வளையத்தோட. இந்த மெஷின்ல பாக்கறதுக்கு அதைவிட அழகானது ஒண்ணுமே..."

மாரக்காளின் கையிலிருந்த லட்டு பெட்டிக்குள் விழுந்தது.

"யாரு?"

"சனிங்கம்மா."

"ஏஞ்சாமி, நல்லாத்தானே இருக்கற? எனக்கு ஏழரை ஓடுது. அவன் கண்ணுல படாம இருக்கோணும்னு வாராவாரம் எள்ளு வெளக்குப் போட்டுட்டு வாரேன். நீ என்னடான்னா கண்ணாடி வெச்சுப் பெருசாக் காட்டறேங்கற. எவ்வளவு பெருசாத் தெரியும்?"

"நூறு மடங்கு வரைக்கும் தெரியுமுங்கம்மா."

"அப்ப அவன் பார்வையும் நூறு மடங்கா நம்ம மேல வுழுகுமல்லோ! ஏழரையை நூத்தால பெருக்கு. நீதான் கணக்கு வாத்தியாராச்சே."

"இயற்பியலுங்கம்மா."

"எதுவோ. அட்மிஷன் கேட்டு வாரவங்களை வாசல்ல நிறுத்தி, வாங்க வாங்க, சனியனைப் பாத்துட்டுப் போங்கன்னு சொல்லுவியா? குருவைக் காட்டு. குரு பார்வைன்னா நாலு ஊட்டுல கல்யாணம் கூடும். நமக்கும் சீட்டு நெறையும்."

"குரு கிழக்க இருக்காருங்கம்மா. ஹாஸ்டல் மறைக்குதுங்க."

"மேற்க கொண்டா."

"குருவைங்களா?"

"பேரைச் சொல்லிப் பொத்தானை அழுத்துனா காட்டும்னு சொன்னது நீதானே?" என்று தாளாளர் இடையில் புகுந்தார். "அப்பறம் என்ன? குருன்னு அழுத்து. காட்டட்டும். காட்டுச்சுன்னா அன்னிக்கே சர்ட்டிபிகேட்டு. காட்டலைன்னா, நல்ல ஆளு கெடைக்கிற வரைக்கும் நீயி இங்கயே இரு சாமி. உன்னை யாரு போகச் சொன்னா?"

அன்றைக்கு அந்தி சாய்ந்ததும் பிரபாகர் மையத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருவியைச் சரியாக ஓட்டவேண்டுமென்றால் முதலில் அதற்கு மூன்று பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டவேண்டும். அதை வைத்து அது வானத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஃப்ளட் லைட் வெளிச்சத்தில், ஒற்றை ஜன்னலில், மூன்று நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மேற்கே ஒரே ஒரு புள்ளி மட்டும் மங்கிய மஞ்சளில் நின்றுகொண்டிருந்தது.

குழலை அதன் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தார்.

கடுகளவு சந்தன உருண்டை. அதன் குறுக்கே மெல்லிசாக ஒரு வளையம். இரண்டும் கறுப்பில் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. பாடம் நடத்திய இத்தனை வருடங்களில் அவர் இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஏசி போடக்கூட மறந்து நின்றார். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. ஞானக்கோட்டையில் இதுபோன்ற எண்ணங்கள் தோன்றுவது வேலைப் பளுவின் அறிகுறி.

அப்போதுதான் ரிமோட்டில் இன்னொரு வழி இருப்பது கண்ணில் பட்டது. நட்சத்திரமே அடையாளம் தெரியாதவர்களுக்கான வழி. தெரியும் ஒரு கோளை நடுவில் கொண்டுவந்து, இவர் இன்னார் என்று பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். கருவி அதை அப்படியே நம்பிக்கொள்ளும். சரிபார்க்காது. எதிர்க்கேள்வி கேட்காது. சொன்ன பெயரைத் திரையில் எழுதிக் காட்டும். இப்படிப்பட்ட ஒரு மாணவரைத்தான் ஞானக்கோட்டை இத்தனை காலமும் உருவாக்க முயன்றுவந்தது.

பிரபாகரின் விரல் பட்டியலில் 'சனி' மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி வந்தது.

'வியாழன்' என்று அழுத்தினார்.

திரையில் ஜூபிடர் என்று ஆங்கிலத்தில் சிவப்பாக வந்தது. 'வெற்றி' என்று ஒரு வரியும் கூடவே ஓடியது. கருவியே சொல்லிவிட்ட பிறகு மனிதர் என்ன சொல்ல?

தை அமாவாசை வந்தது. மாடிப்படி வரைக்கும் பெற்றோர் வரிசை. சிறப்பு விருந்தினர், சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து லாரி உதிரிபாக வியாபாரி அப்துல் கரீம். பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். மாணவர்களுக்கு அது படிப்பு நேரம் என்பதால் ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நிற்பதற்காக மட்டும் ஒன்பதாம் வகுப்பு மோனிஷாவை அழைத்திருந்தார்கள். மாணவர் சமுதாயத்தின் பங்களிப்பு அதுவே.

ஃப்ளட் லைட்டுகளை அணைக்கலாமா என்று பிரபாகர் மெதுவாகக் கேட்டார்.

"நெனப்பு எங்க இருக்குது? லைட்ட ஒரு நேரம் மாத்துனாலும் முட்டை கொறஞ்சு போகும்" என்றார் தாளாளர். வளாகத்தின் எந்தப் பக்கத்தைச் சொன்னார் என்பது தெளிவாகவில்லை.

பிறகு பூஜை. புது லாரிக்குச் செய்வதெல்லாம் செய்தாகவேண்டும். சக்கரம் இல்லாததால், மூன்று காலையும் தூக்கி, காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, மேலே இறக்கினார்கள். பழங்கள் நசுங்கின, கருவி குடிபோதையில் நிற்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார்கள். அடுத்து மாரக்காள் சந்தனத்தைக் குழைத்து, குழலின் முன்பக்கக் கண்ணாடிக்கு நட்டநடுவில், தாராளமாக ஒரு பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் அழுத்தினார்.

"அம்மா, அது லென்ஸுங்க..."

"லாரிக்கு முன்கண்ணாடியில வெக்கறதில்லையா? வண்டி ஓடாமயா போச்சு?"

எல்லோரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நேரத்தில், பிரபாகர் புதுச் சட்டையின் ஓரத்தால் லென்ஸைத் துடைத்தார். சாய்ந்ததை நிமிர்த்தினார். மஞ்சள் புள்ளியைத் தேடிப் பிடித்து, மறுபடியும் வியாழன் என்று அழுத்தினார். முதல் முறை விரல் தயங்கியது என்று சொன்னோம். இரண்டாம் முறை தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நமது கடமை.

முதலில் மாரக்காள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நேரா என்னையத்தானுங்க பாக்கறாரு!"

"குருவல்லோ! பாக்காம இருப்பாரா?" என்றார் தாளாளர், கண் கலங்கி.

அடுத்து அப்துல் கரீம் குனிந்தார். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி குனிந்தார்.

"தம்பி, சுத்தி வளையம் தெரியுதே?"

"ஆமாங்க பாய்."

"எங்க பேத்தி ரிஹானா புஸ்தக அட்டையில இதே படம் இருக்கு. கீழ சனின்னு போட்டிருக்கு."

பிரபாகர் கருவியைப் பார்த்தார். கருவி ஜூபிடர் என்றது. தாளாளர் முன்னால் வந்து விருந்தினரின் தோளில் கை போட்டார்.

"பாய், ரிஹானா பாப்பாவுக்கு அடுத்த வருஷம் எலைட் செக்‌ஷன்ல சீட்டு ஒண்ணு கேட்டிருந்தீங்கல்ல?"

"ஆமா."

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

அப்துல் கரீம் பார்த்தார். இம்முறை பார்வை துல்லியமாக இருந்தது.

"குருவேதான். சந்தேகமே இல்லை. அந்தப் புஸ்தகம் பழைய சிலபஸ் போல."

அதற்குப் பிறகு வந்த அத்தனை பெற்றோரும் குருவைத் தரிசித்தார்கள். ஒருவர் மகளுக்கு வரன் வேண்டினார். ஒருவர் ஜாதகத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற கருவிக்கு ஒரே ஒரு சிரமம்தான்: குரு கிழக்கில் ஏறிக்கொண்டிருப்பதாக அது மனதார நம்பியது, மேற்கில் சனியோ தன் போக்கில் இறங்கிக்கொண்டிருந்தார். அதனால் பிம்பம் நழுவிக்கொண்டே போனது. பிரபாகர் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒருமுறை பொத்தானை அழுத்தி, வானத்தை இழுத்துப் பொய்க்குள் கொண்டுவந்து வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் தட்டோடு நின்ற மோனிஷா கேட்டாள்.

"சார், நான் ஒருக்காப் பாத்துக்கட்டுங்களா?"

பிரபாகர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். "அய்யோ சார்... நெசமாலுமே இருக்குது" என்றாள். பாடப்புத்தகத்தில் இருப்பது நிஜத்திலும் இருக்கும் என்று அவளிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை.

"சார், இது சனி தானுங்களே?"

"டிஸ்பிளேல என்ன போட்டிருக்கு?"

"ஜூபிடர்னு போட்டிருக்குங்க."

"அப்பறம் என்ன?"

மோனிஷா டிஸ்பிளேயைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கடைசியாகச் சாரைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு படிப்பு நேரத்துக்குப் போய்விட்டாள்.

வியாழனுக்கும் மிக மெல்லிய வளையம் ஒன்று உண்டு என்று விஞ்ஞானம் சொல்கிறது. அந்தக் கருவியில் அது ஏழு ஜன்மத்துக்கும் தெரியாது. ஆனாலும் உண்டு. அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரபாகர் அன்றைக்கு உறங்கப் போனார்.

விழாவின் வெற்றி எல்லை கடந்தது. 'குருவை நேரில் காட்டும் ஒரே பள்ளி' என்று ஃப்ளெக்ஸ் எழுந்தது. அதில் வளையத்தோடு கூடிய குரு, தாளாளரின் தலைக்குப் பின்னால் சுழன்றார். மாரக்காளின் முழங்கால் வலி குறைந்தது. எதிர்ப்பக்கத்துக் குதிரை இளைத்தது. பிரபாகர் பீரோவுக்கு முன்னால் போய் நின்றார்.

"சரிபார்ப்புக்குக் கூப்பிட்டுட்டாங்க ஐயா. வர்ற வாரமுங்க."

"தாராளமாப் போயிட்டு வா. அதுக்கு முன்னாடி சின்ன வேலை ஒண்ணு பாக்கி. எதிர்ப்பக்கத்துக்காரன் புரளி கெளப்பறான், நாம காட்டுனது சனியாம். அதனால திருப்புதல் தேர்வுல ஒரு கேள்வி வெய்யி. எந்தக் கிரகத்துக்கு வளையம் இருக்குதுன்னு. புள்ளைக எல்லாம் ஒரே மாதிரி குருன்னு எழுதட்டும். நாளைக்கு எவனாவது கேட்டா, விடைத்தாளைக் கட்டோட தூக்கி மூஞ்சியில போட்டர்லாம்."

"புஸ்தகத்துல சனின்னு இருக்குதுங்களே."

"புஸ்தகமா உனக்குச் சர்ட்டிபிகேட்டு குடுக்குது?"

கேள்வி வைக்கப்பட்டது. அ) செவ்வாய், ஆ) வியாழன், இ) சனி, ஈ) சந்திரன். விடைக்குறிப்பில் 'ஆ' என்று எழுதிப் பிரபாகர் கையெழுத்திட்டார். முந்தின நாளே வகுப்பில் சொல்லியும் கொடுத்தார். ஞானக்கோட்டையில் சொல்லிக்கொடுக்காத எதையும் தேர்வில் கேட்பதில்லை. அது நியாயமற்ற செயல்.

விடைத்தாள்கள் தாளாளர் அறையிலேயே திருத்தப்பட்டன. தாளாளர் எதிரில் உட்கார்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். ஆ, ஆ, ஆ என்று வந்துகொண்டே இருந்தது. பேனா தானாக டிக் அடித்துக்கொண்டு போனது. ஒரு தாளில் நின்றது.

மோனிஷா 'இ' என்று எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்குள், 'நான் பார்த்தேன்' என்று இரண்டு வார்த்தை அதிகமாகவும் எழுதியிருந்தாள்.

"என்ன நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. மோனிஷா மட்டும் சனின்னு எழுதியிருக்குது."

"தப்புன்னு போடு."

"ஒரு மார்க்குல எலைட் செக்‌ஷன்லருந்து கீழ எறங்கிருமுங்க. நல்லாப் படிக்கிற புள்ளை."

"நல்லாப் படிக்கிற புள்ளை சொல்லிக்குடுத்ததை எழுதியிருக்கோணுமல்லோ?" தாளாளர் சாவியைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "கண்ணால பாத்தேன்னு ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சா, அப்பறம் வாத்தியாருன்னு நீ எதுக்கு, ஸ்கூலுன்னு நான் எதுக்கு?"

பிரபாகர் தாளைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது நேராக, அழகாக விழுந்தது என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறோம்.

மறுநாள் வகுப்பில் தாள் கொடுத்தபோது மோனிஷா அழவில்லை. எலைட்டிலிருந்து அடுத்த செக்‌ஷனுக்குப் பெஞ்சு மாறிப் போகிறபோது, வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், நீங்க அன்னிக்குப் பாக்கவே இல்லீங்களா?"

"டைம் ஆச்சு, போம்மா" என்றார் பிரபாகர். அவர் சட்டைப் பையில் பீரோச் சாவி இருந்தது.

சரிபார்ப்பு நாள். வரிசையாக மேஜைகள். அவருடைய மேஜையில் அகல்யா என்ற ஓர் அதிகாரி இருந்தார். நல்ல பெண்மணி, ஒவ்வொரு சான்றிதழையும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஊரெல்லாம் போலி. இப்பத்தான் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினோம். இப்படி ஆளுங்க வாத்தியாரா வந்து புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லித் தருவாங்க, சொல்லுங்க?"

"ஆமாங்க மேடம்" என்றார் பிரபாகர். "ரொம்பத் தப்புங்க."

அதிகாரி கடைசித் தாளையும் பார்த்துமுடித்து முகம் மலர்ந்தார். "உங்களோடது அத்தனையும் அசல் சார். ஒரு எழுத்துகூட எங்கயும் அழிச்சுத் திருத்தலை." மை ஒற்றி எடுத்து, தாள் தாளாக, 'உண்மை எனச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

காகிதங்களின் மேல்தான் குத்தினார். ஆளின் மேல் குத்திப் பார்க்கும் நடைமுறை இன்னும் அரசாணையாக வரவில்லை. அந்த நம்பிக்கையில்தான் நாடு முழுக்க வகுப்பறைகள் இயங்கிக்கொண்டிருக்கின்றன.